கையடக்க மியூசிக் பிளேயருக்கு ஏற்ற சிறிய ஸ்பீக்கர் டாக்: தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

டாக் என்பது பிளேயரை மேலே செருகி உட்காரவைத்துப் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் பெட்டி. அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "சவுண்ட் எப்படி இருக்கும்?" என்றுதான். நானும் முதல் முறை அதை மட்டும்தான் பார்த்தேன். கேட்டேன், பிடித்திருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து என் பழைய பிளேயரை அதன்மேல் உட்காரவைத்தபோது பாட்டு அருமையாக ஓடியது. சார்ஜ் ஏறட்டும் என்று இரவு முழுவதும் அப்படியே விட்டேன். காலையில் பார்த்தால் பிளேயரின் திரை கறுத்துக் கிடக்கிறது. துளி சார்ஜ் இல்லை. பாட்டைக் கடத்தும் பின் (உலோகத் தொடுமுனை) வேறு, மின்சாரம் கொடுக்கும் பின் வேறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நண்பர்கள், உறவினர்கள் என்று பலருக்கு டாக் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்: ஒலியில் தொடங்கி இணைப்பில் வந்து முடிக்கிறார்கள். வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும். முதலில் பிளேயரில் கேபிள் செருகும் துளை, அடுத்து பாட்டு வரும் வழி, அடுத்து சார்ஜ், மின்சாரம், வைக்கும் இடம். ஒலி அதற்கும் பிறகுதான். முன்னால் உள்ள படிகளில் ஒன்று தவறினாலும், எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் அந்த டாக் உங்களுக்குப் பயன்படாது.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை: பிளேயர், தினமும் போட்டிருக்கும் உறையோடு. அதனுடன் வந்த சார்ஜ் கேபிள். இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் ஜாக் உள்ள சாதாரண ஸ்டீரியோ கேபிள் ஒன்று. அளவு நாடா. உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஐந்தாறு பாட்டுகள் பிளேயரில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். தெரியாத பாட்டில் குறை எது, பதிவின் இயல்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

1. பிளேயரின் சரியான மாடலைக் கண்டுபிடியுங்கள்

"ஐபாட் வைத்திருக்கிறேன்", "வாக்மேன் வைத்திருக்கிறேன்" என்பது போதாது. ஒரே பெயரில் வந்த கருவிகளே தலைமுறைக்குத் தலைமுறை துளையை மாற்றியிருக்கின்றன. ஐபாட் நானோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் தலைமுறை வரை அகலமான 30 பின் துளை. 2012-இல் வந்த ஏழாம் தலைமுறையில் சிறிய லைட்னிங் துளை. பெயர் ஒன்று, டாக் வேறு.

பிளேயரின் முதுகில் பொடி எழுத்தில் மாடல் எண் அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் செட்டிங்ஸில் கருவி பற்றிய பகுதியில் கிடைக்கும். அதைக் குறித்துக்கொண்டு, டாக்கின் பெட்டியிலோ கையேட்டிலோ உள்ள பொருந்தும் மாடல்களின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் உங்கள் மாடல் இல்லையென்றால், "செருகிப் பார்த்தேன், உள்ளே போனது" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே போவது முதல் நிபந்தனை மட்டுமே.

2. துளையை நெருங்கிப் பாருங்கள்

பிளேயரைத் தலைகீழாகப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் காண்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான அகலத்தில் தட்டையான துளை என்றால் ஐபாடின் 30 பின். 2003 முதல் ஐபாட்களில் வந்தது; ஐபாட் கிளாசிக் கடைசி வரை இதையே வைத்திருந்தது. டாக் என்ற பெயரில் வந்த பழைய பெட்டிகளில் பெரும்பாலானவை இதற்காகவே செய்யப்பட்டவை. வாக்மேன்களில் நெடுங்காலம் இருந்தது 22 பின் துளை. பார்வைக்கு 30 பின்னின் தம்பி போல இருக்கும், ஆனால் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. அழுத்தித் திணித்துப் பின்களை வளைத்துவிட்டவரை நேரில் பார்த்திருக்கிறேன்.

லைட்னிங் என்பது எட்டுத் தொடுமுனைகள் கொண்ட சின்னத் துளை, எப்படித் திருப்பிச் செருகினாலும் உட்காரும். மைக்ரோ யூஎஸ்பி ஒரு பக்கம் மட்டும் சரிந்த சிறிய துளை. இதில் ஒரு சிக்கல்: ஒரு நிறுவனம் அகலப்பக்கம் முன்னால் வரும்படி வைத்திருக்கும், இன்னொன்று பின்னால் வரும்படி. பிளேயரின் துளைக்குள் போகும் முளை அசையாமல் நிலையாக உள்ள டாக்கில் சில பிளேயர்கள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும். முளையைத் திருப்பிவைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வருகிற பிளேயர்களில் யூஎஸ்பி-சி. அதில் இந்தத் திசைப் பிரச்சினை கிடையாது. வேறு பிரச்சினை உண்டு, அடுத்த படியில் சொல்கிறேன்.

ஐபாட் ஷஃபிள் போன்ற மிகச் சிறிய பிளேயர்களில் டாக் துளையே இல்லை. இவற்றுக்கு 3.5 மில்லிமீட்டர் ஜாக் மட்டும்தான் வழி. ஆக்ஸ் துளை (வெளிக் கருவியின் பாட்டைக் கேபிள் வழியாக வாங்கும் 3.5 மில்லிமீட்டர் துளை) உள்ள எந்த ஸ்பீக்கரும் போதும். முளைக்காகத் தனியாகச் செலவழிக்க வேண்டாம்.

துளை பொருந்தினாலும் உடம்பு பொருந்த வேண்டும். உறையோடு செருகிப் பாருங்கள். உறையின் கீழ் விளிம்பு தடித்திருந்தால் முளை முழுதாக உள்ளே போகாது. அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு, மேசை அதிர்ந்தால் பாட்டு விட்டுவிட்டு வரும். தினமும் உறையைக் கழற்றிக் கழற்றி வைப்பேன் என்று சொல்பவர்கள் இரண்டாவது வாரத்தில் டாக்கையே விட்டுவிடுகிறார்கள்.

பிளேயருக்குப் பின்னால் சாய்ந்துகொள்ள முதுகு இருக்கிறதா என்பதும் முக்கியம். முதுகு இல்லாத டாக்கில் பிளேயரின் முழு எடையும் அந்த மெல்லிய முளைமேல் விழுகிறது. திரையைத் தொட்டுப் பாட்டு மாற்றும் ஒவ்வொரு தடவையும் முளை பின்னால் வளையும். உள்ளே அது பற்றவைக்கப்பட்டிருக்கும் இடத்தில் ஒருநாள் விரிசல் விடும்.

30 பின் டாக்கில் லைட்னிங் கருவியை வைக்க அடாப்டர் உண்டு. ஆப்பிள் விற்ற அடாப்டரில் ஒலியும் வந்தது, சார்ஜும் ஏறியது. வீடியோ மட்டும் வராது. மலிவான போலிகளில் பல சார்ஜ் மட்டும் ஏற்றும், பாட்டு வராது. அடாப்டர் வைத்தால் பிளேயர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே போய்விடும். முதுகுத் தாங்கல் எட்டாமல் ஆடும். இருக்கிற நல்ல டாக்கைக் காப்பாற்ற அடாப்டர் சரியான வழி. புதிதாக வாங்கும்போதே அடாப்டரை நம்பி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

3. பாட்டு எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வாங்குபவர்கள் மொத்தமாகத் தாண்டிப் போகிற படி இது. செருகினால் பாட்டு வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வழிகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு.

முதலாவது லைன் அவுட். 30 பின் ஐபாட் டாக்குகள் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக்கொள்கின்றன. பிளேயருக்குள் இருக்கும் ஹெட்போன் பெருக்கியைத் தொடாமல், ஒரே சீரான அளவில் சிக்னல் வெளியே வரும். அதனால் இரைச்சல் குறைவு. டாக்கில் உட்கார்ந்திருக்கும்போது பிளேயரின் வால்யூம் வேலை செய்யவில்லை என்று பதறாதீர்கள். லைன் அவுட்டின் இயல்பே அதுதான். ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்கின் பொறுப்பு.

இரண்டாவது ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஆக்ஸ் துளைக்குக் கேபிள். எல்லாப் பிளேயருக்கும் பொருந்துகிற வழி, எந்த டாக்கிலும் இது இருந்தாக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். நாளைக்கு பிளேயரை மாற்றினாலும் டாக் வீணாகாது. இதில் இரண்டு வால்யூம்கள் இருப்பதால் குழப்பம் வரும். பிளேயரை முக்கால் பங்குக்குச் சற்று மேலே வைத்துவிட்டு, மிச்சத்தை டாக்கில் சரிசெய்யுங்கள். பிளேயரை மிகவும் குறைத்து டாக்கை முழுதாகத் திருப்பினால் டாக்கின் இரைச்சலும் சேர்ந்து பெருகும். பிளேயரை முழுதாக வைத்தால் சில டாக்குகளின் முகப்புச் சுற்று திணறிக் கரகரக்கும்.

கேபிளை முழுதாகச் செருகுவதையும் கவனியுங்கள். ஒருமுறை உறவினர் ஒருவர், "மியூசிக் வருது, பாடுறவங்க குரல் மட்டும் வரலை" என்று டாக்கைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். போய்ப் பார்த்தால் உறையின் தடிப்பினால் ஜாக் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. தரைத் தொடுமுனை (கிரவுண்ட், இடது வலது இரண்டுக்கும் பொதுவான முனை) சரியாகத் தொடாவிட்டால் இடது, வலது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஒலிக்கும். குரல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அது காணாமல் போகும். ஜாக்கை அழுத்திவிட்டதும் குரல் திரும்பி வந்தது.

விலை கூடிய சில பிளேயர்களில் 2.5 அல்லது 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளையும் (இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி எதிர்முனை உள்ளது) இருக்கும். அதிலிருந்து மாற்றி ஒன்றைப் போட்டு ஆக்ஸில் செருகாதீர்கள். அந்தத் துளையின் எதிர்முனைகள் இரண்டும் ஆக்ஸின் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பிளேயரின் பெருக்கி பழுதாகலாம்.

மூன்றாவது டிஜிட்டல் வழி. லைட்னிங் துளையில் லைன் அவுட்டே கிடையாது; வெளியே வருவது எண்கள். அவற்றை ஒலியாக மாற்றும் சுற்று டாக்குக்குள்ளோ அடாப்டருக்குள்ளோ இருக்க வேண்டும். யூஎஸ்பி-சி விஷயத்தில் நான் சொன்ன பிரச்சினை இங்கேதான் வருகிறது. டாக்கின் மேல் யூஎஸ்பி-சி முளை இருக்கும், சார்ஜும் ஏறும், ஆனால் பாட்டு வராது. அந்த முளை மின்சாரத்துக்கு மட்டும் என்று கையேட்டின் ஒரு மூலையில் எழுதியிருக்கும். "யூஎஸ்பி வழியாக ஆடியோ உள்ளீடு" என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சில டாக்குகளின் யூஎஸ்பி துளை பென் டிரைவுக்கானது. பிளேயரைச் செருகினால் அதையும் ஒரு டிரைவாக நினைத்து, உள்ளே உள்ள எம்பி3 கோப்புகளை டாக்கே வாசிக்கும். இவற்றில் பல ஃபேட்32 முறையில் அமைந்த நினைவகத்தை மட்டுமே படிக்கும். பிளேயரின் பாட்டுப் பட்டியலும் வரிசையும் வராது.

நான்காவது புளூடூத். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் பிளேயர் புளூடூத்தில் அனுப்புமா என்பது. ஐபாட் கிளாசிக்கில் புளூடூத்தே இல்லை; ஏழாம் தலைமுறை நானோவில் உண்டு. பிளேயர் அனுப்பும், டாக் வாங்கும் என்றால் அடுத்தது கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை. எஸ்பிசி எல்லாக் கருவிகளிலும் இருக்கும். ஏஏசி, ஏபிடிஎக்ஸ், நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் எல்டிஏசி ஆகியவை இரண்டு பக்கமும் இருந்தால்தான் பயன். பிளேயரில் மட்டும் எல்டிஏசி இருந்து டாக்கில் இல்லாவிட்டால் இரண்டும் எஸ்பிசிக்கோ வேறு பொதுவான கோடெக்குக்கோ இறங்கிவிடும். சின்ன டாக்கில் இந்த வித்தியாசத்தைவிட ஸ்பீக்கரின் தரம்தான் காதுக்கு முதலில் தெரியும் என்பது என் அனுபவம்.

4. சார்ஜ் ஏறுவதைத் தனியாக உறுதிசெய்யுங்கள்

என் முதல் டாக்கில் நடந்தது இதுதான். 30 பின் துளையில் மின்சாரம் ஏற இரண்டு வழிகள் இருந்தன: ஃபயர்வயர் (யூஎஸ்பி போன்ற பழைய கேபிள் இணைப்பு வகை) பின்களில் 12 வோல்ட், யூஎஸ்பி பின்களில் 5 வோல்ட். ஆரம்ப கால டாக்குகள் பல 12 வோல்ட்டை மட்டுமே கொடுத்தன. 2008-இல் வந்த ஐபோன் 3ஜி, இரண்டாம் தலைமுறை ஐபாட் டச், நான்காம் தலைமுறை நானோ ஆகியவை 12 வோல்ட்டை ஏற்பதை நிறுத்திவிட்டன. துளை அதே, பாட்டும் ஓடும், சார்ஜ் மட்டும் ஏறாது. பழைய டாக்கைப் புதிய கருவியோடு சேர்க்கும் எல்லோரும் இதைப் பார்க்க வேண்டும்.

சோதனை எளிது. பிளேயரின் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டு போங்கள். டாக்கில் வைத்து, பாட்டை ஓடவிட்டு, திரையில் சார்ஜ் குறி வருகிறதா என்று பாருங்கள். முழு சார்ஜோடு போனால் இதைச் சோதிக்கவே முடியாது.

குறி வந்தாலும் இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. டாக் அணைந்திருக்கும்போதும் சார்ஜ் ஏறுமா? டாக் தன் பேட்டரியில் ஓடும்போது பிளேயருக்கும் மின்சாரம் கொடுக்குமா? பல மாடல்கள் சுவர் மின்சாரத்தில் இருக்கும்போது மட்டும்தான் கொடுக்கும். டாக்கின் சார்ஜ் வெளியீடு 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர் என்றால் 2.5 வாட், சின்ன பிளேயருக்குத் தாராளம், பெரிய திரையுள்ள கருவிக்குப் பாட்டு ஓடும் வேகத்தில் சார்ஜ் இறங்காமல் தாங்கினாலே பெரிது.

5. மின்சாரம் எங்கிருந்து வரும்

ஒரே இடத்தில் இருக்கப்போகிற டாக் என்றால் சுவரில் மாட்டும் மின் அடாப்டரில் ஓடுவதை வாங்குங்கள். பேட்டரிக்காகக் கொடுக்கும் எடையும் விலையும் ஸ்பீக்கருக்குப் போகட்டும். வருடங்கள் கழித்து பேட்டரி சாகும்போது டாக்கும் சேர்ந்து சாகாது.

எடுத்துக்கொண்டு திரிவீர்கள் என்றால் பேட்டரியை மணிக்கணக்கில் பார்க்காமல் வாட்-மணியில் பாருங்கள். பெட்டியில் "12 மணி நேரம்" என்று இருப்பது பெரும்பாலும் மிதமான ஒலியில் அளந்தது. நாமே கணக்குப் போடலாம்: 5000 மில்லிஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் பேட்டரியில் இருப்பது 18.5 வாட்-மணி. டாக் சராசரியாக 3 வாட் இழுத்தால் சுமார் ஆறு மணி நேரம்.

சாதாரண சிறிய செல்கள் போடும் டாக்கில் ரீசார்ஜ் செல்களைப் போட்டால் என்ன ஆகும் என்று கையேட்டில் பாருங்கள். ஆறு ஆல்கலைன் செல்கள் சேர்ந்து 9 வோல்ட், ஆறு நிக்கல் ரீசார்ஜ் செல்கள் சேர்ந்து 7.2 வோல்ட். சில டாக்குகள் இந்தக் குறைவை "பேட்டரி தீர்ந்தது" என்று எடுத்துக்கொண்டு சீக்கிரமே அணைந்துவிடும்.

அடாப்டர் தொலைந்து வேறொன்று மாட்ட நேர்ந்தால் வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், முளையின் நடுவில் நேர்முனையா எதிர்முனையா என்ற படம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முளை உள்ளே போகிறது என்பதற்காக மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஒரே நொடியில் சுற்று எரிந்துபோகும்.

6. வைக்கப்போகும் இடத்தை அளந்துகொள்ளுங்கள்

அளவு நாடாவை எடுக்க வேண்டியது இங்கே. அகலம், ஆழம் இரண்டையும் எல்லோரும் அளப்பார்கள். உயரத்தை மறந்துவிடுவார்கள். டாக்கின் உயரத்தோடு பிளேயரின் உயரமும் அதை மேலே தூக்கி எடுக்க விரல் நுழையும் இடமும் சேர வேண்டும். அலமாரித் தட்டில் டாக் அழகாக உட்கார்ந்து, பிளேயரைச் செருக மேலே இடமில்லாமல் போன கதைகள் நிறைய.

பின்னால் காற்றுத் துளையோ அதிரும் தகடோ உள்ள டாக்கைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) பெருகும். மூலையில் வைத்தால் இன்னும் பெருகும். கொஞ்சம் பெருகுவது சின்ன டாக்குக்கு உதவி, அதிகமானால் எல்லாம் உறுமலாகக் கேட்கும். ஒரு சாண் தள்ளிவைக்க இடம் இருக்கிறதா பாருங்கள். மூடிய தட்டுக்குள் வைக்க வேண்டியிருந்தால் முன்பக்கத் துளை உள்ள டாக்கைத் தேடுங்கள்.

ஸ்டீரியோவைப் பற்றி ஒரு வார்த்தை. 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தால், இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அவற்றுக்கு இடையே உள்ள கோணம் ஆறு பாகைகூட இல்லை. ஸ்டீரியோ விரிந்து கேட்க 60 பாகைக்கு அருகே வேண்டும். அறை நடுவில் கேட்பவருக்குச் சிறிய டாக் கிட்டத்தட்ட ஒற்றை ஸ்பீக்கர்தான். மேசையில் முகத்துக்கு நேரே வைத்துக் கேட்பவருக்கு மட்டும் இடது, வலது வித்தியாசம் ஓரளவு கிடைக்கும்.

7. பெட்டியில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது

வாட் எண்ணில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம்பிஓ (கணநேர உச்ச சக்தி) என்று நூற்றுக்கணக்கில் இருந்தால் அந்த எண்ணை அப்படியே மறந்துவிடுங்கள். அதை அளக்கப் பொதுவான முறையே இல்லை. 10 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபெல், கவனித்துக் கேட்டால்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 8 வாட், 12 வாட் என்று ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

"60 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சேர்த்துச் சொன்னால்தான் அர்த்தம். பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இரண்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் அந்த அடிநாதம் உண்மையில் வராது. அதன் மேல்ஸ்வரங்களைக் கேட்டு நம் மூளை அடிநாதத்தை நிரப்பிக்கொள்கிறது.

நீர் காப்புக் குறியீட்டில் ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். அது டாக்குக்கு மட்டும். மேலே உட்கார்ந்திருக்கும் பிளேயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

8. இப்போது காதால் சோதியுங்கள்

இரண்டு டாக்குகளை ஒப்பிடும்போது முதல் வேலை இரண்டின் ஒலி அளவையும் சமமாக்குவது. சற்றே உரக்கப் பாடுவது எப்போதும் "நல்ல சவுண்ட்" போலத் தோன்றும். இதைச் செய்யாமல் செய்த எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை. டாக்கில் உள்ள பேஸ் பூஸ்ட், சரவுண்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

முதலில் ஆண் குரல் தனித்து ஒலிக்கும் பாட்டு அல்லது பேச்சு. குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் பெட்டியே சேர்ந்து முனகுகிறது. அடுத்து, பேஸ் ஸ்வரங்கள் படிப்படியாக ஏறி இறங்கும் பாட்டு. எல்லா ஸ்வரமும் ஏறக்குறைய ஒரே பலத்தில் வர வேண்டும். ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் 'டொம்' என்று தாவி வந்தால், அந்த ஸ்வரத்தில் பெட்டி அதிர்கிறது. வாங்கிய பிறகு ஒவ்வொரு பாட்டிலும் அதுவே காதில் விழும். மூன்றாவதாக ச, ஷ நிறைந்த வரிகள். ஊசி குத்துவது போல இருந்தால் அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும்.

பிறகு ஒலியை மிகவும் குறைத்துக் கேளுங்கள். வீட்டில் டாக் அதிக நேரம் ஓடப்போவது அந்த அளவில்தான். குறைந்த ஒலியில் பேஸ் முற்றிலும் மறைந்து தகர ஒலி மட்டும் மிஞ்சுகிறதா? அந்த டாக் வேண்டாம். குறைந்த ஒலியிலேயே இன்னொன்றும் பாருங்கள்: பாட்டு மெல்லியதாக இருக்கும்போது சிக்னல் இல்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடுகிறதா? தம்புரா மட்டும் மெதுவாக ஒலிக்கும் தொடக்கப் பகுதி இதைச் சோதிக்க நல்லது.

கடைசியாக முழு ஒலி. ஒரு பாட்டு முழுவதும் ஓடவிட்டுப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வையுங்கள். ஒலி ஏற ஏறப் பேஸ் மட்டும் சுருங்கினால், ஸ்பீக்கரைக் காப்பாற்ற டாக் தானே அதை வெட்டுகிறது. அது தவறில்லை, ஆனால் உங்கள் அறைக்குத் தேவையான அளவுக்கு முன்பே வெட்டத் தொடங்கினால் பெரிய டாக்குக்குப் போங்கள். 'கிர்ர்' என்று ஒரு தகரச் சத்தம் வந்தால், விரலால் முளை, பேட்டரி மூடி, முன் வலை என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அங்கேதான் தளர்வு. பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கருக்கு அருகில் காதை வைத்தால் இரைச்சலின் அளவு தெரிந்துவிடும். தலைமாட்டில் வைக்கப்போகிறவர்களுக்கு இது கட்டாயம்.

9. மற்ற வசதிகள்

கடிகாரம் இருந்தால் அதன் வெளிச்சத்தை முழுதாக அணைக்க முடிகிறதா பாருங்கள். ரிமோட்டில் பாட்டு மாற்ற முடிகிறதா, வால்யூம் மட்டும்தானா என்று பாருங்கள். ஆக்ஸ் வழியில் போனால் பாட்டு மாற்றும் பொத்தான் வேலை செய்யாது. ரிமோட்டுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூடி திருகு போட்டதாக இருக்கட்டும்.

10. பழைய டாக் வாங்கினால்

ஐபாட் உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டதால், 30 பின் டாக் தேடுபவர்களுக்குப் பழையதுதான் பெரும்பாலும் கிடைக்கும். நல்லவை இருக்கின்றன. முளையின் தொடுமுனைகளை விளக்கடியில் பாருங்கள்: பச்சை பூத்திருந்தால் வேண்டாம். வால்யூம் குமிழைத் திருப்பும்போது 'கரகர' வந்தால் சுத்தம் செய்து சரிப்படுத்தலாம். முன் வலையைக் கழற்ற முடிந்தால் ஸ்பீக்கரின் விளிம்பு வளையத்தைப் பாருங்கள். நுரை வளையம் காலப்போக்கில் பொடியாக உதிரும். உள்ளே லித்தியம் பேட்டரி இருந்து பெட்டியின் அடிப்பக்கம் லேசாக உப்பியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

அசல் அடாப்டர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

11. வீட்டுக்கு வந்த முதல் நாள்

டாக்கை நினைத்த இடத்தில் வைத்து, பிளேயரை நேர் கீழாக இறக்குங்கள், எடுக்கும்போது நேர் மேலே தூக்குங்கள். ஒரு கையால் டாக்கைப் பிடித்துக்கொள்வது பழக்கமாகட்டும். சாய்த்து இழுக்கும் கைதான் முளையை உடைக்கிறது.

ஆக்ஸ் கேபிளோடு தனி சார்ஜரும் மாட்டியவுடன் 'உம்ம்ம்' என்று தாழ்ந்த உறுமல் வந்தால் சார்ஜரை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் டாக் கெட்டுப்போகவில்லை. இரண்டு மின்இணைப்புகளின் தரைகளுக்கு இடையே சுற்று உருவாகியிருக்கிறது. பாட்டுக் கேட்கும்போது சார்ஜரை எடுத்துவிடலாம், அல்லது ஆக்ஸ் கேபிளின் நடுவில் இந்தச் சுற்றை முறிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடலாம். விட்டுவிட்டு 'டிக்-டிக்-டிக்' என்று வந்தால் பக்கத்தில் உள்ள செல்போனை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

அன்றிரவு பிளேயரைப் பாதி சார்ஜில் டாக்கில் உட்காரவைத்து, டாக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் சார்ஜ் நிறைந்திருந்தால் பெட்டியை மடித்து வைக்கலாம். பாதியிலேயே நின்றிருந்தால் அடுத்த இரவு டாக்கை அணைக்காமல் பாருங்கள். அப்போதும் ஏறவில்லையென்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பில்லோடு கிளம்புங்கள்.